ஆறும் ஏடும் சேர்த்துப் படிக்க: வாசகர் கேள்வி – பதில்

சுற்றுச்சூழலையும், இலக்கியம், வரலாறு, தத்துவம், கலை ஆகிய துறைகளையும் ஒன்றாக வைத்துப் பயிலும் பட்டமேற்படிப்புகள் உலகில் பெருகி வருகின்றன என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குப் பழைய வடாற்காட்டின் பல ஊர்களில் இருந்து கேள்விகள் வந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நான் பி.ஏ. தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சுற்றுச்சூழல் பற்றி மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்றால் அறிவியல் பட்டம் இருக்க வேண்டும் என்கிறார்கள். இலக்கியம் படித்தவளுக்கு அதில் என்ன இடம்? நீங்கள் எழுதிய படிப்பு உண்மையிலேயே உண்டா? — ஒரு மாணவி, ஆம்பூர்

பதில்: உண்டு. ‘என்விரான்மென்டல் ஹியூமானிட்டீஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகமும் முதுகலைப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் அந்தப் பெயரில் கலையையும் சேர்த்து ‘என்விரான்மென்டல் ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்’ என்று தன் முதுகலைக்குப் பெயர் வைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரேச்சல் கார்சன் மையம் இத்துறை ஆய்வாளர்கள் கூடும் முக்கியமான இடங்களுள் ஒன்று. இங்கெல்லாம் இலக்கியமோ வரலாறோ படித்துவிட்டு வருகிறவர்கள் வேண்டாத விருந்தாளிகள் அல்லர்; அவர்களை எதிர்பார்த்துத்தான் இந்தப் படிப்புகளே வகுக்கப்பட்டிருக்கின்றன.

ஆனால் பட்டத்தின் பெயரைவிட உங்கள் கேள்வியின் நடுப்பகுதி முக்கியமானது. இலக்கியம் படித்தவளுக்கு என்ன இடம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உங்கள் ஊரின் ஆற்றை வைத்தே பதில் சொல்வதுதான் பொருத்தம். தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்து அடுக்கும் வழக்கு ஒன்று உண்டல்லவா? அதில் முதலில் வருவது பாலாறுதான். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு அது. வாணியம்பாடி தொடங்கி இராணிப்பேட்டை வரை அதன் கரையோரம் இருக்கும் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி அறிவியல் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும் நீரோடு வெளியேறிக் கிணற்று நீரில் கரைந்த திடப்பொருளின் அளவை உயர்த்துகிறது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல், ‘வெட் புளூ’ என்று எல்லோரும் சொல்லும் வெளிர்நீல நிறத்தில் வெளிவர, தோல் உறிஞ்சிக்கொள்ளாத குரோமியம் கழிவுநீரோடு போகிறது. இவற்றையெல்லாம் அளந்து சொல்ல வேதியியல் வேண்டும். அந்த வேலையை உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இதே ஊர்களில் ஆவாரம்பட்டையில்தானே தோல் பதனிட்டார்கள்? அதிலிருந்து குரோமியத்துக்கு மாறியதற்கு, 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்த அரசுக் கொள்கை ஒரு பெரிய காரணம். அந்த மாற்றத்தைத் தம் கையால் செய்தவர்கள் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள், பட்டை பொறுக்கி விற்றவர்கள் பிறகு எங்கே போனார்கள், கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் யார், அதை அவர் எந்தச் சொற்களில் சொன்னார், அவர் சொன்னதை ஏன் அலுவலகங்கள் ஆய்வக அறிக்கை வரும்வரை பொருட்படுத்தவில்லை என்பன போன்ற கேள்விகளுக்கு எந்த ஆய்வகமும் விடை தராது. அவற்றுக்கு ஆவணம் படிக்கத் தெரிய வேண்டும். வாய்மொழியைக் கேட்டு, பதிவு செய்து, மறுபடி மறுபடி சரிபார்க்கத் தெரிய வேண்டும். ஒரு பனுவலில் எது சொல்லப்படுகிறது, எது விடப்படுகிறது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். மூன்றாண்டுகளாக நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தப் பயிற்சியைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்துகிறவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையையும், தீங்கு வரும் என்ற அச்சம் இருந்தால் முழுச் சான்று வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். சட்டக் கல்லூரியில் அந்தக் கொள்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நீங்கள் அதை ஒரு பனுவலாக முதலில் இருந்து படித்துப் பாருங்கள். தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற வேளாண் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அதில் வருகிறது. கிணறுகளின் எண்ணிக்கை வருகிறது. குடிநீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் நெடுந்தூரம் நடப்பது வருகிறது. அந்நியச் செலாவணி ஈட்டும் தொழில் என்பதும் வருகிறது. உங்கள் அப்பாவைப் போன்ற தொழிலாளியின் குரல் அந்தப் பக்கங்களில் எவ்வளவு இடம் பெறுகிறது, உழவர் எவ்வாறு பேசப்படுகிறார், ஆறு யாருடைய சொத்தாகக் காட்டப்படுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தால், ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிடும்.

உங்கள் குடும்பத்தின் சோறு தோல் தொழிற்சாலையில் இருந்து வருகிறது என்பதை ஒரு தடையாக எண்ணாதீர்கள். இந்தத் துறையில் வெளியில் இருந்து வரும் ஆய்வாளர்களில் பலர், தொழிற்சாலை ஒருபுறம் உழவர் மறுபுறம் என்று கோடு கிழித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தோல் வேலைக்கும் தம்பி கிணறு வற்றிய நிலத்துக்கும் போகிற கதை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் அதற்குள்ளேயே வளர்ந்தவர்.

இந்தியாவுக்குள் இந்தப் பெயரிலேயே பட்டம் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பெயர் வேறாக இருந்தாலும் பொருள் நெருங்கிய படிப்புகள் உண்டு. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் மனிதச் சூழலியல் பள்ளி நடத்தும் ‘சுற்றுச்சூழலும் வளர்ச்சியும்’ என்ற எம்.ஏ., மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் பற்றிய முதுகலை, காந்திநகர் ஐ.ஐ.டி.யின் ‘சமூகமும் பண்பாடும்’ என்ற எம்.ஏ. ஆகியவை நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவற்றில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டாள். எம்.எஸ்சி. சேர்ப்பதற்குள், சுற்றுச்சூழலும் வரலாறும் கலந்த ஏதோ படிப்பில் சேரப்போவதாகச் சொல்கிறாள். வேலை கிடைக்குமா? கைத்தறி வைத்துப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. ஒளிக்காமல் சொல்லுங்கள் ஐயா. — ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பட்டத்தைக் காட்டியவுடன் கதவைத் திறக்கும் வேலை எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. தொண்டு நிறுவனங்கள், ஆராய்ச்சி அமைப்புகள், இதழியல், அருங்காட்சியகம், பதிப்புத் துறை, நிறுவனங்களின் சூழல் அறிக்கை தயாரிக்கும் பணி ஆகிய இடங்களில் இத்தகையவர்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அங்கே பட்டத்தின் பெயரைவிட, எழுதிக் காட்டிய வேலைக்குத்தான் மதிப்பு.

கல்லூரி ஆசிரியர் பணி உங்கள் மகளின் எண்ணத்தில் இருந்தால் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பணியிடம் பாடவாரியாகத்தான் அறிவிக்கப்படுகிறது. தாவரவியலுக்கு ஓர் இடம், வரலாற்றுக்கு ஓர் இடம் என்று இருக்குமே தவிர இரண்டையும் சேர்த்தவருக்கு என்று இடம் இராது. கலப்புப் பெயர் கொண்ட பட்டம் ‘தொடர்புடைய பாடம்’தானா, அதைத் தாய்ப்பாடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் இணைத்தன்மை ஆணை உண்டா என்ற கேள்வி சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் எழுந்தால், விண்ணப்பதாரர் தலைமைச் செயலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டியதாகிவிடும். ஆகவே நம் சூழ்நிலையில் என் பரிந்துரை இதுதான்: முதுகலைப் பட்டம் ஒரு தாய்த்துறையில் இருக்கட்டும், கலப்பு, ஆய்வேட்டிலும் முனைவர் பட்டத்திலும் வரட்டும். உங்கள் மகள் எம்.எஸ்சி. தாவரவியலிலேயே சேர்ந்து, அதன் கூடவே கல்வெட்டு, ஓலைச்சுவடி வாசிப்பில் ஒரு பட்டயம் படிக்கலாம். சென்னைத் தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தில் அத்தகைய பயிற்சி பற்றி விசாரியுங்கள். இலை நரம்பைப் பார்த்துச் செடியை அடையாளம் காணவும், பழைய தமிழ் எழுத்தைப் படிக்கவும் ஒருசேரத் தெரிந்தவர்கள் நாட்டில் மிகக் குறைவு. அந்தச் சேர்க்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

வருமானம் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும், மூத்த நிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டுவாடகைப் படி தனி. தறியில் உட்கார்ந்து இதைச் சம்பாதிக்க என்ன பாடு பட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தேர்வுக்கு ஓராண்டு உட்கார்ந்து படிக்க மகளுக்கு வீட்டில் இடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். ‘சங்க இலக்கியத்தில் சுற்றுச்சூழல்’ என்ற தலைப்பில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய எண்ணுகிறேன். தங்கள் கருத்து என்ன? — ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். இந்தத் தலைப்பில் சிறு மாற்றங்களோடு எழுதப்பட்ட ஆய்வேடுகள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. முதலியலில் திணை விளக்கம், பிறகு ஐந்து இயல்களில் ஐந்து நிலம், ஒவ்வொன்றிலும் மரம், செடி, பறவை, விலங்குப் பட்டியல், முடிவுரையில் ‘நம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர்’ என்ற தீர்ப்பு. இதைப் படித்து முடித்தபின் சங்க இலக்கியத்தைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரிவதில்லை, சூழலைப் பற்றியும் தெரிவதில்லை.

உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இதைவிட நல்ல களம் இருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னன் ஆண்ட செங்கண்மா இன்றைய செங்கம் என்றும், அதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு என்றும், நவிரமலை இன்றைய பருவதமலை என்றும் கொள்ளப்படுகின்றன. அதாவது, அதில் வரும் நிலத்தை இன்றும் நடந்து பார்க்கலாம். அருவி விழும் ஒலி, புனத்தில் கிளி ஓட்டும் ஒலி, யானை பழக்குகிறவர் கூச்சல், நெல் குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை என்று மலையில் எழும் ஒலிகளைப் புலவர் வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும் பகுதி ஒன்று அதில் இருக்கிறது. அந்த வரிசையில் மனிதர் எழுப்பும் ஒலியும் காடு எழுப்பும் ஒலியும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. காட்டை ஒலியால் கணக்கெடுக்கும் முறை இன்று சூழலியலில் வளர்ந்து வருகிறது. மரத்தில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு எந்தப் பறவை எப்போது கூவுகிறது என்று பார்க்கிறார்கள். பருவதமலை அடிவாரத்தில் இன்று எந்த ஒலிகள் கேட்கின்றன, பாட்டில் உள்ளவற்றில் எவை இல்லாமற்போயின, அவை கவி மரபுக்காகச் சேர்க்கப்பட்டவையா, கண்டும் கேட்டும் எழுதப்பட்டவையா என்று கேட்டால் அது ஓர் ஆய்வு. அதற்கு உங்களுக்கு உரையாசிரியர்களும் வேண்டும். பறவையியல் தெரிந்த ஒருவரின் துணையும் வேண்டும். அதே பாட்டில், யானைகள் மேல் கவண்கல் எறிகிறவர்களும், பன்றிக்குப் பொறி வைக்கிறவர்களும் வருகிறார்கள்; வழிப்போக்கர் அவற்றில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துப் போக வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறார்கள். ‘இயைந்து வாழ்ந்தனர்’ என்ற முடிவுரை அவ்வளவு எளிதாகப் பொருந்தாது என்பது அங்கேயே தெரிகிறது.

இலக்கியத்தில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், செங்கம் பகுதி நடுகற்களையும் பாருங்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஓர் ஊர் முடிவு செய்திருக்கிறது. ஆநிரை மேய்ச்சலை நம்பி வாழ்ந்த அந்தச் சமூகத்தில் விலங்குக்கும் மனிதருக்கும் இருந்த உறவு பற்றி எழுத இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

பதிவு நடைமுறை பற்றிச் சுருக்கமாக: 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எம்.பில். படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. முதுகலையில் 55 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு வேண்டும். 2024 ஜூன் தேர்வு முதல் நெட் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: பொறியியல் முடித்து மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வெளிநாட்டில் இந்தத் துறையில் முதுகலை படிக்க ஆசை. எனக்கு இடம் கிடைக்குமா? செலவுக்கு வழி உண்டா? — ஒரு வாசகர், காட்பாடி

பதில்: பொறியாளர் என்பதற்காக யாரும் ஒதுக்கமாட்டார்கள். ஆனால் விண்ணப்பத்தோடு நீங்கள் அனுப்பும் எழுத்து மாதிரியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘சிறு வயதில் இருந்தே எனக்கு இயற்கை பிடிக்கும்’ என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வுக் குழுவினர் ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். அதற்குப் பதிலாக, பாலாற்று மணலுக்கடியில் ஊறும் நீரை வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோன ஊற்றுக்கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஊரார் கூடி, ஆற்றுமணலில் தூர்ந்துபோன காலைத் தோண்டித் திறந்துவிடுவார்கள். யார் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும், யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று கணக்கு உண்டு. மணல் அள்ளி ஆற்றின் மட்டம் தாழ்ந்தபோது காலின் வாய் மேலேயும் நீர் கீழேயுமாக நின்றுவிட்டன. கால் போனதோடு அந்தக் கணக்கும், அதைச் செய்த ஊர்க்கூட்டமும் போயின. உங்கள் தாத்தாவின் ஊரில் இப்படி ஒன்று இருந்திருந்தால், அது ஓடிய தடத்தைப் பழைய நில அளவை வரைபடத்தோடு ஒப்பிட்டு, முதியவர் இருவர் மூவரிடம் கேட்டு, பத்துப் பக்கம் எழுதுங்கள். மென்பொருள் அறிவு அங்கே வரைபடம் தயாரிக்க உதவும். ஆனால் வரைபடம் மட்டும் அனுப்பினால் போதாது.

எந்த இடம் என்று தேர்ந்தெடுக்கும்போது, அங்கே களம் எது என்று பாருங்கள். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இத்துறைக்குப் பின்னணியாக ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு இருக்கிறது. 1948இல் அமைக்கப்பட்ட அந்தக் காட்டில், விழுந்த மரம் மக்குவதை 200 ஆண்டுகளுக்குக் கவனிக்கும் திட்டத்தை அறிவியலாளர்கள் 1985இல் தொடங்கினார்கள். அதைப் பார்த்து, 2003 முதல் 2203 வரை எழுத்தாளர்களைத் தலைமுறை தலைமுறையாக அதே காட்டுக்கு அழைத்து, அதே இடங்களில் உட்காரவைத்து எழுதச் சொல்லும் திட்டம் ஒன்றைத் தத்துவத் துறையினர் உருவாக்கினார்கள். 2023இல் காட்டுத்தீ அதன் பெரும்பகுதியைச் சுட்டெரித்தது. அதன்பிறகு, முன்பு எழுதப்பட்ட பக்கங்கள் அறிவியலாளர்களின் அளவைகளைப் போலவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய ஆவணங்கள் ஆகிவிட்டன. இப்படிக் கலைஞரும் அறிவியலாளரும் ஒரே நிலத்தில் நிற்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள். இரண்டு துறையினரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் வகுப்புக்கு மற்றவர் போவதில்லை என்ற நிலையில் உள்ள படிப்புகளும் உண்டு. பாடத்திட்டத்தில் களப்பணி இருக்கிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை, பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவில் இரண்டாண்டு, ஆனால் அங்கே கற்பித்தல் உதவியாளர் பணி கிடைத்தால் கல்விக் கட்டணம் பெருமளவு குறையும். அமெரிக்காவில் படிக்க உதவும் ஃபுல்பிரைட்–நேரு முதுகலை நல்கைக்கு மூன்றாண்டு முழுநேரப் பணி அனுபவம் கேட்கிறார்கள். உங்களிடம் அது இருக்கிறது. பிரிட்டனில் படிக்க உதவும் காமன்வெல்த், செவனிங் நல்கைகளையும் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களை 2022இல் அதன் வழிகாட்டு நெறிகளில் இருந்து விலக்கிவிட்டார்கள். பாலாற்றைப் பற்றிப் படிக்க வெளிநாடு போகிற ஏழை மாணவருக்கு அந்தக் கதவு மூடப்பட்டது சரியன்று என்பது என் கருத்து. அப்போதைய விதி இப்போதும் அப்படியே இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் ஆண்டில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜவ்வாது மலையில் ஆசிரியையாக இருக்கிறேன். இங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பாடல்கள், சாமை விதைப்பின்போது செய்யும் சடங்குகள், மூலிகைப் பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்து, அதையே மேற்படிப்புக்குப் பயன்படுத்த நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? — ஒரு ஆசிரியை, ஜமுனாமரத்தூர்

பதில்: தொகுப்பதற்கு முன் கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள். பாடுகிறவர் தம் பாட்டைப் பதிவு செய்யச் சம்மதிப்பது ஒன்று. அதை வெளியிடச் சம்மதிப்பது வேறொன்று. சில பாடல்கள் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்டவர் முன்னிலையில் மட்டுமே பாடத்தக்கவையாக இருக்கலாம்; அவற்றைக் கைப்பேசியில் பதிந்து ஊரெங்கும் அனுப்பிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு சம்மதங்களையும் தனித்தனியாகப் பெற்று, தேதியோடு எழுதி வையுங்கள். பதிவின் ஒரு படி ஊரிலேயே இருக்கட்டும்.

மூலிகை விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, உள்ளாட்சி அளவில் மேலாண்மைக் குழு அமைத்து, ஊரின் உயிர்வளத்தையும் அது பற்றிய மரபறிவையும் பதியும் மக்கள் பன்மைப் பதிவேடு தயாரிக்க வேண்டும். எந்தச் செடி எந்த நோய்க்கு, எந்தப் பகுதி, எவ்வளவு என்ற விவரத்தை உங்கள் ஆய்வேட்டில் அச்சிட்டுவிட்டால் அது உலகத்துக்கே பொதுவாகிவிடும். சொன்னவருக்கு அதில் ஒன்றும் திரும்பி வராது. ஆகவே, மருந்து முறையை விட்டுவிட்டு, பெயரையும் பாட்டையும் பயன்பாட்டுக் காலத்தையும் மட்டும் எழுதுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். செடியைச் சரியாக அடையாளம் காண, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு உங்களுக்கு மிகவும் பயன்படும். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் சூழலியலாளரும் இந்தியவியலாரும் சமூக அறிவியலாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். ஓலைச்சுவடியும் தாவர மாதிரியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நீங்கள் முனைவர் பட்டத்துக்குப் போகிறபோது, பல்கலைக்கழக நெறியாளரோடு அங்கிருந்து ஒருவரையும் ஆலோசகராகச் சேர்த்துக்கொள்ள முயலுங்கள்.

பாடல்களைத் தமிழில் எழுதும்போது பள்ளித் தமிழுக்குத் திருத்திவிடாதீர்கள். ஆசிரியர்களுக்கு இந்தப் பழக்கம் கைவந்துவிடும். பாடியவர் வாயில் வந்தபடியே இருக்க வேண்டும்.

கேள்வி: பாலாறு, ஏரிகள் பற்றிய பழைய ஆவணங்களை எங்கே பார்க்கலாம்? — ஒரு வரலாற்று மாணவர், வாலாஜாப்பேட்டை

பதில்: முதலில் உங்கள் ஊரருகே உள்ள பாலாற்று அணைக்கட்டையும், அதில் இருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளையும் நேரில் பாருங்கள். மகேந்திரவாடிக் குடைவரைக் கல்வெட்டில் மகேந்திரவர்மன் பெயரால் அமைந்த ஏரியே குறிக்கப்படுகிறது. பிறகு ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்த வடாற்காடு மாவட்டக் கையேட்டையும், 1890களில் ஸ்டூவர்ட் திருத்திய அதன் பதிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். மைசூருடன் 1892இல் சென்னை மாகாணம் செய்துகொண்ட நீர் உடன்பாடு, 1903 நவம்பரில் வாணியம்பாடியை அழித்த வெள்ளம் ஆகியவை தொடர்பான கோப்புகளை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தைக் கொண்டுபோங்கள். பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை என்று இரண்டு வரிசைகளிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஓர் ஏரி உடைந்தால் ஒரு துறை கரையைப் பற்றி எழுதும், மற்றது வரித் தள்ளுபடியைப் பற்றி எழுதும்.

மேலே சொன்ன அணைக்கட்டின் நீரைப் பெறும் தூசி என்ற ஊரைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்து 1918இல் வெளியிட்டார். அதே ஊரை 1930களிலும் 1980களிலும் மறுபடி ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளாதாரக் கணக்கு எல்லாம் அவற்றில் இருக்கிறது. ஏரியைப் பற்றி ஊரார் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. செய்யாறு பேருந்தில் ஏறினால் நீங்களே போய்க் கேட்டுவிட்டு வரலாம்.